கால்காடு

ஓதம் ஏறத் தொடங்கியபோது ஜெபக்கனி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் இடது பாதத்தில் ஒரு சில்லிப்பு. பிறகு கணுக்காலைச் சுற்றிச் சேறு இளகுவது போல ஓர் உணர்வு. பிறகு முழங்காலை நோக்கி மெல்ல ஏறும் கனம்.

"தண்ணி ஏறுது," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"எனக்கு இன்னும் பாதத்துக்கே வரல," என்று கூடத்திலிருந்து சுயம்பு குரல் கொடுத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு கிரேன் சங்கிலி அறுந்ததில் வலது காலைக் கொடுத்தவர். "ஒன் மரம் பள்ளத்துல நிக்கி. என் மரம் மேட்டுல. நாங்கல்லாம் மேட்டுக்குடி, பாத்துக்கோ."

"மேட்டுக்குடிக்கு இன்னைக்கு ரசம் கெடையாது."

"ரசமா அது? நேத்து உப்பே இல்ல. ஒன் கால்லருந்து ரெண்டு சிட்டிகை தட்டிப் போடுட்டி."

ஜெபக்கனி குனிந்து பார்த்தாள். கணுக்கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் முளைத்திருந்த நான்கு தடித்த இலைகளின் அடியில் உப்பு பொரிந்து கிடந்தது. விரலால் வழித்து, உண்மையாகவே ரசத்தில் போட்டாள். கூடத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. கால் இழந்தவர்கள் சேர்ந்து வாழும் தோள் இல்லத்தில் இது பழகிப்போன சங்கதி.

உயிர்க்கால் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சதுப்புநிலத்தில் வளரும் சுரபுன்னையின் உரத்தையும், உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் வெண்கண்டலின் குணத்தையும் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த கால் அது. தறித்துச் செதுக்கிய மரக்கால் அல்ல, உயிருள்ள மரம். வெட்டுப்பட்ட நரம்புகளின் நுனியில் நரம்பிழை என்ற மெல்லிய நாரை ஒட்டவைப்பார்கள். நார் தானே நரம்பைத் தேடிப் போய்ப் பின்னிக்கொள்ளும். கட்டைக்குள் கடுகளவு ஒரு கருவி இருக்கும், பெயர் கூவி. உப்புநீரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, கால் நினைப்பதை உடம்புக்கும் உடம்பு நினைப்பதைக் காலுக்கும் அது கூவிச் சொல்லும். மாலையில் கொஞ்ச நேரம் உப்புத்தண்ணீர் வாளியில் காலை வைத்து உட்கார்ந்தால் போதும், மறுநாள் முழுக்க நடக்கலாம்.

அதற்கு முன்னால் எல்லாம் பிளாஸ்டிக் கால்தான். இல்லத்தின் பின்புறம் பழைய கால்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. அதிலும் குழந்தைகளின் கால்களே அதிகம். குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கும், கால் வளராது. வருடத்துக்கு ஒன்றைக் கழற்றி எறிய வேண்டும். இல்லத்தில் இருந்த பிள்ளைகளை எல்லாம் ஒன்றாக நிறுத்தினாலும் அந்தக் குவியலின் உயரத்துக்கு வரமாட்டார்கள். ஒரு முறை யாரோ நெருப்பு வைத்ததில் இரண்டு நாள் கரும்புகை. அப்போதுதான் இல்லத்தின் தலைவி ரூபாவதி முன்சுவரில் கொட்டை எழுத்தில் எழுதவைத்தாள்:

'இங்கிருந்து எதுவும் குப்பையாகப் போகாது. இங்கே வளர்ந்த எதையும் வெட்ட மாட்டோம். இங்கே எதையும் எரிக்க மாட்டோம்.'

இந்த மாதிரி உறுதிமொழியை எழுதாத நிறுவனம் அன்று இல்லை. எழுதினால் வெளிநாட்டு நன்கொடை வரும். வித்தியாசம் என்னவென்றால், ரூபாவதி எழுதியபடி நடந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பஸ் கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலிக்கு வந்தவள். அவளுக்கு எந்தக் காலும் பொருந்தாது. கொடுப்பதற்கு நரம்பு இல்லை.

உயிர்க்காலும் தேயும். நாலைந்து வருடத்தில் கட்டை தடித்து, வடிவம் போய்விடும். அதைக் கழற்றிப் புதுக்கால் மாட்ட வேண்டும். பழையதை எறிய முடியாது, எரிக்க முடியாது. அதனால் ஓடை முகத்துவாரத்துச் சேற்றில் நட்டார்கள்.

அது வேர் பிடித்தது.

அதோடு முடிந்திருந்தால் நல்ல காரியம், படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். ஆனால் கட்டைக்குள் இருந்த கூவி சாகவில்லை. சேற்றில் நின்ற பழைய கால் தன் ஆளைக் கூவிக்கொண்டே இருந்தது. புதுக்காலும் அதைக் கேட்டது. வெறுங்கட்டையாக வந்த புதுக்காலுக்கு நடை பழக ஒரு வருடம் ஆக வேண்டும். பழைய காலிடம் கேட்டுக்கேட்டு ஒரே நாளில் பழகிக்கொண்டது. அன்று இல்லத்தில் பாயசம் வைத்தார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள்: மழை பெய்தால் நனைகிறது, நண்டு ஊர்ந்தால் கூசுகிறது, ஓதம் ஏறினால் குளிர்கிறது. முகத்துவாரத்தில் இன்று ஒரு காடே நிற்கிறது. அதற்கு ஊர் வைத்த பெயர் கால்காடு. முன்வரிசையில், அலை முதலில் வந்து மோதும் இடத்தில், ஊர் ஜனம் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்பது ஜெபக்கனியின் முதல் கால்.

அந்த மரத்தைத்தான் அவள் வெட்டச் சொல்லியிருந்தாள்.

காரணம் எளிது. அவளுக்குக் கடல் வேண்டாம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து உப்பு வாரியவள் அவள். வெள்ளை வெயில் கண்ணைக் குத்த, பாத்தியில் நின்று பலகையால் உப்பை இழுத்து இழுத்து, உள்ளங்கால் வெடித்து, அந்த வெடிப்பில் மறுபடி உப்பு ஏறி, கடைசியில் உப்பு டிராக்டரே இடது காலின் மேல் ஏறியது. பிறகு ஒரு நாள் பழைய கூட்டாளிகளைப் பார்க்க உப்பளத்துக்குப் போனாள். பேச்சித்தாய் ஓடிவந்து சாக்கை விரித்தாள். "நீ உக்காருட்டி. நீ எதுக்கு நிக்கே?" பஸ்ஸில் ஏறினாலும் அதே பேச்சு. பாவப்பட்ட கண்ணோடு நாலு பேர் எழுந்து இடம் விடுவார்கள். அவளுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

இப்போது கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை கிடைத்திருந்தது. குளிர், மேகம், பச்சை. உப்பின் வாடை கிடையாது. போக வேண்டியதுதானே என்றால், கூவியின் குரலை வாங்கி அனுப்பும் இல்லத்துக் கோபுரத்திலிருந்து அது பைபாஸ் வரைக்கும்தான் எட்டும். அதைத் தாண்டினால் கால் துவண்டுவிடும். செல்போன் வலை வழியாக அனுப்பிப் பார்த்தார்கள். கண் சிமிட்டும் நேரம் தாமதம். கால் தரையில் பட்ட பிறகு 'ஊன்று' என்று செய்தி வந்தால் ஆள் குப்புற விழுவான். இரண்டு பேர் பல்லை உடைத்துக்கொண்ட பிறகு அந்த யோசனையை விட்டார்கள்.

மரம் இருக்கும்வரை கால் மரத்தையே கேட்கும், தானாகப் பழகாது. மரம் போனால், ஒரு வருடம் குழந்தை மாதிரி தத்தித்தத்தி, பிறகு சொந்தமாக நடந்துவிடலாம். எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்.

"சுவத்துல எழுதி வச்சிருக்கீங்களே டீச்சர், வளர்ந்தத வெட்ட மாட்டோம்னு," என்று போன வாரம் அவள் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"நான் எழுதினது கால் இல்லாதவங்க நடக்கட்டும்னு," என்றாள் ரூபாவதி. "அவங்கள மரத்துல கட்டிப்போட இல்ல. நீ போ. சேர்மத்துரையை வரச் சொல்லுதேன்."

"ஊர்ல கேட்டா?"

"மரத்துல பேன் புடிச்சிருந்திச்சின்னு சொல்லிக்கிடுதேன்."

சேர்மத்துரை சனிக்கிழமை காலையில் வந்தான். மரம் அறுப்பதுதான் தொழில். பெட்ரோல் மெஷினோடு வந்தவனை வாசலில் நிறுத்திவிட்டார்கள். எதையும் எரிக்க மாட்டோம் என்பதில் பெட்ரோலும் சேர்த்தி.

"கைரம்பத்தால அறுக்கணும்னா பொழுது சாஞ்சிரும் மேடம்," என்று அவன் முனகினான்.

"சாயட்டும். மரத்தச் சாய்க்கத்தான வந்தீரு?" என்றாள் ரூபாவதி.

ஜெபக்கனி அவனோடு சேற்றில் இறங்கி நின்றாள். புயல் வடக்கே எங்கோ கரையைக் கடக்கும் என்றுதான் செய்தியில் சொல்லியிருந்தார்கள். வானம் மட்டும் அழுக்குத் துணி மாதிரி தொங்கியது. மரத்தின் அடித்தண்டில் கையை வைத்தாள். கையில் பட்டை தெரிந்தது. காலில் கை தெரிந்தது. தன்னைத் தானே தொடுவது அது.

"வலிக்குமாக்கா?"

"நீ அறு."

ரம்பம் பட்டதும் அவள் பல்லைக் கடித்தாள். அது கத்தி வெட்டு மாதிரி இல்லை. எலும்புக்குள் யாரோ ஐஸ் கட்டியால் கோடு இழுப்பது போல இருந்தது. தண்டின் பாதியை ரம்பம் எட்டியபோது, அந்தக் கோட்டுக்குக் கீழே, வேரில், வேறு ஒன்று தெரிந்தது. வற்ற வேண்டிய நேரத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமான ஓதம் போல வந்து வந்து திரும்பவில்லை. தள்ளிக்கொண்டே வந்தது. பின்னாலிருந்து பெரிய கூட்டம் நெருக்குவது போல.

"நிறுத்துலே," என்றாள்.

"பாதி வந்திருச்சிக்கா, இன்னும் கொஞ்ச நேரம்..."

"ரம்பத்தப் போட்டுட்டு ஓடுலே! கடல் வருது!"

அவர்கள் கரைமேட்டைத் தாண்டி இல்லத்துக்கு வந்து சேர்வதற்குள் காற்று ஆளைத் தள்ளியது. புயல் வளைகுடாவுக்குள் திரும்பியிருந்தது. உப்பளக் குடியிருப்பு முழுக்கப் பிள்ளையும் சட்டியுமாக இல்லத்துக்கு ஓடிவந்தது. ஊருக்குப் போகும் ரோடு அதற்குள் தண்ணீருக்கடியில். சுற்று வட்டாரத்தில் காங்கிரீட் கட்டிடம் என்றால் இது ஒன்றுதான். ஆனால் இதற்கு மாடி இல்லை. சக்கர நாற்காலிக்கு மாடி எதற்கு என்று எல்லாவற்றையும் தரையோடு தரையாகக் கட்டியிருந்தார்கள். மொட்டைமாடிக்கு ஓர் இரும்பு ஏணி உண்டு. இந்தக் காற்றில் அதில் ஏறுபவன் பறந்து போவான். கடலுக்கும் கூடத்தில் நெருக்கியடித்து நின்ற அத்தனை உயிருக்கும் நடுவில் ஒரு மண்மேடும், அதற்கு முன்னால் கால்காடும்தான் இருந்தன. காடு போனால் மேடு போகும். மேடு போனால் எல்லாரும் போக வேண்டியதுதான்.

கூடத்துச் சுவரில் கரைக்கண் ஓடிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தைப் பார்த்துப் படம் அனுப்பும் கருவி. அலைகள் கறுப்பாக வந்தன. மரங்கள் வளைந்தன, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கூடத்தில் உயிர்க்கால் மாட்டிய எல்லாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடிபடுவது அவர்கள் கால்.

சுயம்பு மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மேட்டில் நின்ற ஒரு மரம் அலைக்கு நடுவே விறைத்து நிமிர்ந்தது.

ரூபாவதி திரையைப் பார்த்தாள். சுயம்புவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சுயம்பு! அப்படியே நில்லும்!"

"டீச்சர், நான் ஒண்ணுக்குப் போவ எந்திரிச்சேன்..."

"அங்கயே போம்! நில்லும்யா, அசையாதீரும்!"

இத்தனை வருடமும் அவர்கள் ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருந்தார்கள். கால் மரத்திடம் நடை கற்றது என்று பாயசம் வைத்தார்கள். அதே கூவி வழியாக மரம் மனிதனிடம் எதைக் கற்றது என்று யாரும் கேட்கவில்லை. மரத்துக்கு நடை எதற்கு? அது நிற்பதைக் கற்றிருந்தது. தள்ளினால் எதிர்த்து ஊன்றுவது, ஒரு பக்கம் வழுக்கினால் மறுபக்கம் கனத்தை மாற்றுவது என்று ஒரு தொழிலாளியின் உடம்புக்குத் தெரிந்த அத்தனையும் வேருக்குள் இறங்கியிருந்தது. நிற்கச் சொல்ல ஓர் உடம்புதான் வேண்டியிருந்தது.

"எல்லாரும் எந்திரிங்க!" ரூபாவதியின் குரல் பழைய வகுப்பறைக் குரலாக மாறியது. "பிடிச்சுக்கிட்டு நில்லுங்க! கால் மாட்டின பிள்ளைகள இடுப்புல தாங்கிப் பிடிங்க!"

அவர்கள் எழுந்தார்கள். கிரேனுக்கும் டிராக்டருக்கும் பட்டாசு ஆலைக்கும் சர்க்கரை வியாதிக்கும் காலைக் கொடுத்தவர்கள், கலியாண வீட்டிலும் கோயிலிலும் 'நீங்க உக்காருங்க' என்று ஓரத்து நாற்காலிக்கு அனுப்பப்பட்டவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக எழுந்தார்கள். திரையில் காடு எழுந்தது.

உப்பளத்து ஜனம் திரையை நோக்கி நெருங்கியது. காற்றில் ஆடும் மரத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். காற்றோடு மல்லுக்கட்டும் மரத்தைப் பார்த்ததில்லை. அலை வரும்போது காடு முழுவதும் முன்னால் சாய்ந்து தோள் கொடுத்தது. அலை திரும்பும்போது குதிகாலை ஊன்றிப் பின்னால் நின்றது. ஒரு மரம் சோர்ந்தால் பக்கத்து மரம் வேரை நீட்டி அணைத்தது. கூடத்தில் ஒருவர் கால் மாற்றினால், அங்கே ஒரு மரம் சேற்றில் கனத்தை மாற்றியது. மூட்டை தூக்கிய சுயம்புவின் மரம், மூட்டைக்குக் குனிகிற மாதிரியே குனிந்து அலையை முதுகில் வாங்கியது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். மரத்தைக் கும்பிட்டாரா, கூடத்தில் வியர்த்து நின்றவர்களைக் கும்பிட்டாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முன்வரிசையில் ஒரே ஒரு மரம் தள்ளாடியது.

ஜெபக்கனி இடது காலை ஊன்றியபோதெல்லாம் அறுபட்ட கோட்டில் உயிர் போனது. கனத்தை வலது காலுக்கு மாற்றினாள்; வலி நின்றது. திரையில் அவள் மரம் தொய்ந்து மடங்க, முன்வரிசையில் வாசல் திறந்தது போல அலை உள்ளே பாய்ந்தது. மேட்டிலிருந்து மண் சரிவதை எல்லாரும் பார்த்தார்கள். சேர்மத்துரை தலையில் அடித்துக்கொண்டான்.

"நான்தான் வெட்டச் சொன்னேன். நீ ஏன்லே அடிச்சிக்கிடுத?" என்றாள் ஜெபக்கனி. இடது காலை ஊன்றினாள். கத்தினாள். ஊன்றியபடியே நின்றாள்.

யாரோ அவளுடைய அக்குளுக்குள் தோளை நுழைத்துத் தாங்கினார்கள். உப்பும் வியர்வையும் கலந்த பழைய வாடை. பேச்சித்தாய்.

"சாஞ்சிக்கட்டி எம்மேல."

"சாய மாட்டேன். நான் சாஞ்சா அதும் சாயும்."

"அப்ப நான் ஒம்மேல சாயுதேன். விழுந்திராதட்டி. எம்பிள்ளைய எல்லாம் இங்கதான் கெடக்கு."

'உக்காரு' என்று பேச்சித்தாய் சொல்லவில்லை என்பதை ஜெபக்கனி அந்த வலியிலும் கவனித்தாள்.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. ரூபாவதி வரிசைக்கு நடுவே நாற்காலியை உருட்டிக்கொண்டே, வாயில் தண்ணீர் ஊற்றினாள், சோர்ந்தவர்களைத் திட்டினாள், எந்தப் பக்கம் அலை வருகிறது என்று கூவினாள். அந்தக் கூடத்தில் நிற்க முடியாத ஒரே ஆள் அவள்தான். மாலையில் காற்று ஓய்ந்தபோது திரையில் காடு நின்றது. இலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. சேறு அப்பிய வெறுங்கால்களாக, கரை நெடுகிலும், அது நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. துணை ஆட்சியர் வந்தார். கூடவே கேமராக்களும் வந்தன. அவர் கரைமேட்டில் ஏறிக் காட்டைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதிகாரியாகத் திரும்பி வந்தார்.

"இனிமே நீங்கதான் எங்க கடல்சுவர்," என்றார் கூடத்தில் எல்லாருக்கும் சால்வை போட்டபடி. "மழைக்காலம் முடியறவரைக்கும் யாரும் வெளியூர் போகக்கூடாது. போறதா இருந்தா ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் போகணும். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"எங்க பாதுகாப்புக்கா சார்?" என்றார் சுயம்பு.

அவர் அதைக் கேட்கவில்லை. முன்சுவரைக் காட்டினார். "எவ்வளவு தீர்க்கதரிசனமா எழுதியிருக்கீங்க மேடம். 'இங்கிருந்து எதுவும் போகாது.' அதேதான். கடற்கரை பூரா இப்படி ஒரு காடு வேணும். நம்ம மாவட்டத்துல கால் இல்லாதவங்க எத்தனை பேர் இருப்பாங்க? இன்னும் கிடைப்பாங்களா?"

"ரோட்ட இன்னும் கொஞ்சம் மோசமாப் போடுங்க," என்றாள் ரூபாவதி. "கிடைப்பாங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கேமராக்கள் துணை ஆட்சியரின் முகத்தைப் பார்த்தன.

ஜெபக்கனிக்குக் கால் கடுத்தது. நேற்று முழுக்க நின்ற கால். சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கூடத்தில் பாதிப் பேர் திரும்பித் திரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு மரம் மெல்லத் தளர்ந்து அமர்ந்தது.

"எக்கா," என்றாள் உப்பளத்துப் பெண் ஒருத்தி, பதறி. "எந்திரிச்சுக்கோங்கக்கா."

கடல் குளம் மாதிரி கிடந்தது. ஆனாலும் ஒருவர் முகத்திலும் பழைய பாவப்பட்ட பார்வை இல்லை. இருந்தது பயம். வாழ்நாள் முழுக்க அவளை உட்கார வைத்த ஊர், இனி அவளை உட்கார விடாது. ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. சால்வையை மடித்து முட்டுக்கு வைத்துக்கொண்டு, உட்கார்ந்தே இருந்தாள்.

திங்கள்கிழமை காலையில் சேர்மத்துரை ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றான். உடன் பேச்சித்தாயும் அளத்து ஆட்களும் நின்றார்கள். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அதுதான் இன்னும் கனமாக இருந்தது.

"மீதிய அறுக்கவாக்கா?"

ஜெபக்கனி ரூபாவதியைப் பார்த்தாள்.

"நான் சொன்னது சொன்னதுதான்," என்றாள் ரூபாவதி. "ஆபீசருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். அது ஒன் கால்."

அறுத்தால், அடுத்த வருடம் இந்நேரம் மலைப்பாதையில் சொந்தக் காலில் நடப்பாள். முன்வரிசையில் ஒரு வாசல் திறந்து கிடக்கும். அறுக்காமல் ஊரைவிட்டுப் போனால் கால் துவண்டு, அக்குளில் இடுக்கி ஊன்றும் கட்டைக்கம்புதான், காலம் முழுக்க. மூன்றாவது வழி ஒன்று உண்டு: போகாமல் இருப்பது. அதை அவள் நினைத்துப் பார்த்தாள், பொய் சொல்வானேன். சேற்றில் இறங்கும் சில்லிப்பையும், காடு தோள் கொடுத்து எழுந்ததையும் நினைத்தாள். பிறகு கொடைக்கானலின் மேகத்தை நினைத்தாள்.

"ரம்பத்த வீட்டுல வையி," என்றாள். "டீச்சர், ஸ்டோர்ல பழைய கட்டைக்கம்பு கெடந்துச்சே, அத எடுத்துத் தாங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

"மரம்?" என்றாள் பேச்சித்தாய்.

"மரம் நிக்கும். பைபாஸ் வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். அதுக்கப்புறம் ஒங்க பாடு. ஆளுக்கு ரெண்டு கால் இருக்குல்லா?"

பஸ்ஸில் அவளுக்கு முன்பக்கம் சன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் உள்ளூர்க்காரன். விசிலை வாயில் வைத்தவன் ஊதாமல் அவளையே பார்த்தான். வெளியே நின்ற ரூபாவதி பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டினாள்.

"ஊதும்யா."

பஸ் ஓடைப் பாலத்தில் ஏறியது. முகத்துவாரம் முழுதாகத் தெரிந்தது. இலை உதிர்ந்த காட்டின் முன்வரிசையில், இடுப்பளவு சேற்றில், பேச்சித்தாயும் சேர்மத்துரையும் அளத்து ஆட்களும் நின்றார்கள். கம்புகளை நட்டு முட்டுக் கொடுத்தார்கள். கயிறு கட்டினார்கள். கட்டி முடியும்வரை மரம் சாயாதிருக்க, பத்துப்பதினைந்து பேர் தோளைக் கொடுத்துத் தாங்கினார்கள். ஒரு கால் செய்த வேலைக்கு அத்தனை கால்கள். வழுக்கினார்கள், விழுந்தார்கள், ஒருவரை ஒருவர் வைதுகொண்டு மறுபடி எழுந்தார்கள். அவர்களுக்கு மரத்திலிருந்து எதுவும் கேட்காது. எந்தப் பக்கம் அலை வருகிறது என்று தெரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

ஜெபக்கனிக்குத் தெரிந்தது. அறுபட்ட கோட்டுக்கு மேலே, காலைச் சுற்றி, அத்தனை தோள்களின் சூடு. அவள் இடது காலை அழுத்தி ஊன்றினாள். தூரத்தில் மரம் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பஸ் வளைவுகளில் சாய்ந்தபோதெல்லாம் அவள் சாயாமல் நின்றாள். கயிறு இறுகுவது தெரிந்தது. ஒவ்வொரு தோளாக விலகுவது தெரிந்தது. கடைசியாக ஒரே ஒரு தோள் விலகாமல் இருந்தது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

பைபாஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் ஏறினார்கள். மதுரைப் பக்கத்து ஜனங்கள், அவளை அறியாதவர்கள். காலியாகக் கிடந்த இடங்களில் எல்லாம் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்ந்தது. பைபாஸைத் தாண்டியது. தோளின் சூடு ஒரு கணம் இருந்தது. பிறகு இல்லை.

கால் துவண்டது. அவள் கம்பியோடு சரிந்தாள். கட்டைக்கம்பு தடதடவென்று கீழே விழுந்தது.

சற்றுமுன் உட்கார்ந்த பெண் ஒருத்தி மடியிலிருந்த பையை அள்ளிக்கொண்டு பதறி எழுந்தாள். காலைப் பார்த்தாள். முகத்தில் அந்தப் பழைய பாவப்பட்ட பார்வை வந்தது.

"உக்காருங்கக்கா. நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

ஜெபக்கனி உட்கார்ந்தாள். அவ்வளவு சுகமாக அவள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.